எல்லாம் ஆச்சு

செப்டம்பர் இரண்டாம் வாரம், ஒரு ஆப்பிளைக் குனிந்து எடுக்கப் போய் என் முதுகு போனது.

கூரையிலிருந்து வழுக்கினேன், கரடியோடு மல்லுக்கட்டினேன் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். நடந்தது ஆப்பிள். அதுவும் புழு அரித்த ஆப்பிள். குனிந்தேன், இடுப்பில் டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். குனிந்த வாக்கிலேயே தோட்டத்தைக் கடந்து சமையலறைக்குள் போனேன். என் மனைவி டெல்ஃபின், "என்ன தேடறே?" என்று கேட்டாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. ஜூலையில் அவளுக்கு வலது தோளில் அறுவை சிகிச்சை ஆகி, கையைத் துணித் தூளியில் போட்டுக்கொண்டு, இடது கையால் பெயர் எழுதப் பழகிக்கொண்டிருந்தாள். ஆக, அந்த இலையுதிர் காலத்தில் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு முதுகும் மூன்று கைகளும் இருந்தன. முதுகு அவளுடையது.

"கிறிஸ்துமஸ் வரை ஒரு பால் பாட்டிலை விடக் கனமான எதையும் தூக்கக் கூடாது" என்றார் டாக்டர். வெர்மான்ட்டின் வடக்கு மூலையில், விறகடுப்பு ஒன்றை நம்பிக் குளிர்காலத்தைக் கடத்துகிற வீட்டில் இருந்துகொண்டு இதைக் கேட்பது, மீனிடம் கொஞ்ச நாள் ஈரம் படாமல் இரு என்று சொல்வதைப் போல.

அடுத்த வாரமே விறகு வந்தது. வசந்த காலத்திலேயே சொல்லிவைத்தது. லாரிக்காரன் இரண்டு நடை அடித்தான். பின்பக்கத்தைத் தூக்கி, வீட்டுக்கும் விறகுக் கொட்டகைக்கும் நடுவில் மொத்தத்தையும் கொட்டினான். மேப்பிள் மரமும் பீச் மரமுமாகப் பிளந்த துண்டுகள், சன்னல் உயரத்துக்கு ஒரு மலை. "நல்லா காஞ்ச விறகு பெரியவரே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நாற்பத்து நான்கு வருஷமாக அந்த மலையை அக்டோபர் முடிவதற்குள் கொட்டகைக்குள் அடுக்கியிருக்கிறேன். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிய காலத்தில் காலை நடைக்கும் மாலை நடைக்கும் நடுவில் அடுக்குவேன். அந்த வருஷம் அதன் முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு, முதுகுக்கு வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பர்லிங்டனில் இருக்கும் எங்கள் மகள் ஜோசெட்டுக்கு விஷயம் போனது. என் மூலமாகப் போகவில்லை.

"அப்பா, நான் சண்டை போடப் போறதில்ல" என்றாள் தொலைபேசியில். அவள் இப்படி ஆரம்பித்தால் சண்டை முடிந்துவிட்டது, தீர்ப்பு வருகிறது என்று அர்த்தம். "அக்டோபர் கடைசி சனிக்கிழமை வரேன். அதுக்குள்ள விறகு கொட்டகைக்குள்ள இருக்கணும். எப்படின்னு நான் கேக்கல. இருந்தா நீங்க அங்கேயே இருங்க. இல்லேன்னா தண்ணியை வடிச்சிட்டு, வீட்டைப் பூட்டிட்டு, ரெண்டு பேரும் என்கூட வரீங்க. குளிர்காலம் மட்டும்தான்."

குளிர்காலம் மட்டும்தான். எங்கள் சாலையின் கீழ்முனையில் கால்பி வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். அவர்களும் குளிர்காலத்துக்கு மட்டும்தான் மகன் வீட்டுக்குப் போனார்கள். ஏப்ரலில் அவர்கள் வாசலில் விற்பனைப் பலகை நட்டிருந்தது. எங்கள் வயதில் ஒரு வீட்டைப் பூட்டினால் அது மறுபடி திறக்காது. குழாயில் தண்ணீரை வடித்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, ஐந்து மாதம் உறையவிட்ட வீட்டுக்குள் மே மாதத்தில் இரண்டு கிழங்கள் திரும்பி வந்து என்ன செய்யும்?

"எவ்வளவு நாள் இருக்கு?" என்று டெல்ஃபினைக் கேட்டேன்.

"முப்பத்தேழு" என்றாள். அவள் ஏற்கெனவே எண்ணி வைத்திருந்தாள்.

இங்கே நாங்கள் குடியிருக்கும் மலைப்பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதை நாங்கள் யாரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதே கிடையாது. எங்கள் மலையில் யாரும் உதவி கேட்பதில்லை. யாரும் உதவி செய்யட்டுமா என்று கேட்பதும் இல்லை. அது ஆளை அவமானப்படுத்துவது. "ஆச்சா?" என்றுதான் கேட்போம். விறகு ஆச்சா, வைக்கோல் ஆச்சா, கூரை ஆச்சா. "ஆச்சு, எல்லாம் ஆச்சு" என்று பதில் வந்தால் தொப்பியைத் தொட்டுவிட்டு வண்டியை நகர்த்திவிட வேண்டும். மாறாக, "போயிட்டிருக்கு" என்று பதில் வந்தால் அதற்கும் ஒன்றும் சொல்லக் கூடாது, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட வேண்டும். ஆனால் மறுநாள் காலையில் கையுறையோடு வந்து நிற்க வேண்டும். ஏன் வந்தாய் என்று இவன் கேட்கமாட்டான், எதற்கு வந்தேன் என்று அவன் சொல்லமாட்டான். வேலை முடிந்ததும் ஒரு காப்பி. அவ்வளவுதான் ஒப்பந்தம்.

என் வாழ்நாளில் எத்தனையோ பேருடைய 'போயிட்டிருக்கு'வுக்குக் கையுறையோடு போயிருக்கிறேன். நானாக அந்த வார்த்தையை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. இப்போது யோசித்தால் அந்தப் பெருமையைத் தவிர வேறு பெரிய பெருமை எதுவும் என்னிடம் இருந்ததாகத் தெரியவில்லை.

மேல் பண்ணையில் இருக்கும் வெண்டல், தினமும் காலை எட்டு மணிக்குத் தபால் நிலையத்துக்குப் போகும் வழியில் எங்கள் வாசலில் வண்டியை மெதுவாக்குவான். மாடுகளை விற்று ஆறு வருஷம் ஆகிறது. மார்ச் மாதம் அவன் மனைவி ஹேஸல் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவனுக்குத் தபால் எதுவும் வருவதாகவும் தெரியவில்லை. இருந்தாலும் தினமும் போவான்.

விறகு வந்த மறுநாள் அவன் வண்டி நின்றது. கண்ணாடி இறங்கியது. விறகு மலையைப் பார்த்தான். நாற்காலியைப் பார்த்தான். என் முதுகுக்குப் பின்னால் இருந்த வெந்நீர்ப் பையைப் பார்த்தான்.

"என்னய்யா, ஆச்சா?"

"ஆச்சுய்யா. எல்லாம் ஆச்சு" என்றேன்.

அவன் இன்னொரு தடவை மலையைப் பார்த்தான். அப்புறம் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டான். ஒருவன் ஆச்சு என்று சொன்ன பிறகு ஆகவில்லையே என்று சொல்வது, எங்கள் ஊரில் கன்னத்தில் அறைவதற்குச் சமம்.

சமையலறைச் சன்னலிலிருந்து டெல்ஃபின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் எல்லைக்கு அந்தப் பக்கம், கியூபெக்கில் பிறந்தவள். நாற்பத்தாறு வருஷமாக எங்களோடு இருந்தும் இந்த வழக்கம் அவளுக்குச் செரிக்கவில்லை.

"என்ன ஆச்சு? எது ஆச்சு? உனக்குப் பைத்தியம் ஆச்சு!" என்றாள். "எங்க ஊர்ல வாசல்ல நின்னு ஒரு கத்து கத்தினா நாலு பேர் வருவாங்க. வரும்போது சூப்பும் கொண்டு வருவாங்க."

"அது உங்க ஊரு."

"நான் ஃபோன் பண்ணிச் சொல்றேன் அவன்கிட்ட."

"டெல்ஃபி, நீ சொன்னேன்னா நான் இந்த ஊர்ல தலைநிமிர்ந்து நடக்க முடியாது."

"இப்ப மட்டும் நடக்கறியா? கொக்கி மாதிரி வளைஞ்சுதானே நடக்கறே" என்றாள். அப்புறம் கொஞ்சம் இறங்கி, "சரி. நான் சொல்லமாட்டேன். உன் நாக்கு, நீயே புரட்டு" என்றாள்.

அந்த வருஷம் போல ஒரு இலையுதிர் காலத்தை நான் பார்த்ததில்லை. மற்ற வருஷங்களிலும் இப்படித்தான் இருந்திருக்கும். நான்தான் குனிந்து விறகைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். எதிர் மலை முழுக்க மேப்பிள்கள் ஒவ்வொன்றாகச் சிவந்து பற்றிக்கொண்டன. முதலில் சதுப்பு ஓரத்தில் ஒரே ஒரு கிளை, மறுநாள் ஒரு மரம், வாரக் கடைசியில் மலையே. காலையில் புல்லின் மேல் உறைபனி சர்க்கரை போல் கிடக்கும். ஒன்பது மணிக்கு அது உருகும்போது பழுத்து விழுந்த ஆப்பிள்களின் வாசனை கிளம்பும். தலைக்கு மேலே வாத்துக் கூட்டங்கள் தெற்கே போகும், ஒன்றை ஒன்று திட்டிக்கொண்டே. டெல்ஃபின் இடது கையால் ஆப்பிளைக் கிளறிக் கூழ் காய்ச்சினாள். பாதி அடுப்பிலும் கால்பங்கு தரையிலும் போக, மிச்சத்தை ஜாடிகளில் அடைத்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அனுபவித்தேன். அவமானமாக இருந்தது. ஆனாலும் அனுபவித்தேன்.

அக்டோபர் தொடக்கத்தில், நிறம் மாறிய இலைகளைப் பார்க்க நகரத்திலிருந்து வரும் கூட்டம் வந்தது. ஒரு கார் எங்கள் வாசலில் நின்றது. மடிப்புக் கலையாத புதுக் கட்டம்போட்ட சட்டை அணிந்த ஒரு பெண் இறங்கி, என்னையும் விறகு மலையையும் சேர்த்துப் படம் எடுத்தாள்.

"எவ்ளோ நிம்மதியான வாழ்க்கை உங்களுது!" என்றாள்.

அந்த நேரம் வெந்நீர்ப் பை கொஞ்சம் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் நிம்மதியாகச் சிரித்தேன்.

அவளுடைய கணவன் காரைவிட்டு இறங்கினான். கதவு நிலையை அடைக்கிற தோள்கள். இரண்டு நாளில் அந்த மலையை நகர்த்தியிருப்பான். அவனுக்கு எங்கள் ஊர் வழக்கம் தெரியாது. அதனால் நேராகவே கேட்டுவிட்டான்: "நாங்க பக்கத்துலதான் மூணு நாள் தங்கியிருக்கோம். இதை அடுக்க ஏதாவது உதவி வேணுமா சார்? எனக்கும் உடம்பை அசைச்ச மாதிரி இருக்கும்."

"இல்ல தம்பி" என்றது என் வாய். "எல்லாம் ஆச்சு."

சன்னல் படாரென்று சாத்தப்பட்டது. அன்று இரண்டு வேளையும் எனக்கு ஆப்பிள் கூழ் மட்டும்தான்.

அதன் பிறகுதான் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டே பிழைக்கும் ஒரு திட்டம் தீட்டினேன். டாக்டர் பால் பாட்டில் என்றுதானே சொன்னார்? டெல்ஃபின் மாவு நிறுக்கும் தராசை வாசலுக்குக் கொண்டு வந்தேன். ஒரு தட்டில் பால் பாட்டில், மறு தட்டில் விறகு. பாட்டில் கீழே போனால் அந்தத் துண்டு என்னுடையது. விறகு கீழே போனால் டெல்ஃபினுடையது. அவள், ஜோசெட் சின்ன வயதில் விளையாடிய சிவப்புத் தள்ளுவண்டியில் இடது கையால் அதை உருட்டிப் போட்டு இழுத்துப் போவாள். முதல் நாள் பன்னிரண்டு துண்டு அடுக்கினோம். மொத்தம் மூவாயிரத்து அறுநூறு துண்டு இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜூலை கடைசியில் முடிந்துவிடும்.

"நல்லது, அடுத்த விறகு வர்றதுக்கு முன்னாடி முடிச்சிடலாம்" என்றாள் டெல்ஃபின்.

நாலாவது நாள் அவள் தோள் வீங்கியது. தள்ளுவண்டியைக் கொட்டகைக்குள் நிறுத்திவிட்டேன்.

அப்புறம் ஒத்திகை பார்க்க ஆரம்பித்தேன். எங்கள் பூனைக்கு மேயர் என்று பெயர், எதையும் செய்யாமல் எல்லாவற்றையும் மேற்பார்வை பார்ப்பதால். அதன் எதிரில் உட்கார்ந்து, "போயிட்டிருக்கு. போயிட்டிருக்கு" என்று சொல்லிப் பார்ப்பேன். சரளமாக வரும். மேயர் கண்ணை மூடிக்கொள்ளும். மறுநாள் எட்டு மணிக்கு வெண்டலின் வண்டி நிற்கும்.

"ஆச்சா?"

"போ..." என்று ஆரம்பிப்பேன். இருமுவேன். "...போன வருஷத்தைவிடக் குளிர் சீக்கிரம்."

"ஆமாய்யா" என்பான். ஆனால் உடனே போகமாட்டான். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒரு நாள் எனக்குப் பதில் கேட்கத் தோன்றி, "உனக்கு ஆச்சா?" என்றேன்.

"எல்லாம் ஆச்சு" என்றான். நானும் தொப்பியைத் தொட்டேன்.

அக்டோபர் பாதியில் ஒரே காற்று. ஒரு மத்தியானத்தில் எதிர் மலையின் இலை மொத்தமும் உதிர்ந்துவிட்டது. கார்கள் நின்றுபோயின. எஞ்சியது சாம்பல் நிறக் குச்சிகளும் எங்கள் விறகு மலையும்தான். அதன் மேல் இலைகள் மூடிக் கிடந்தன, அதையும் நாங்கள் அலங்காரம் செய்துவைத்தது போல. பனி தள்ளும் வண்டிக்கு அடையாளமாகச் சாலையோரத்தில் நடும் குச்சிகளை மட்டும் நான் நட்டேன். ஒவ்வொன்றும் பால் பாட்டிலைவிட லேசு. அவற்றை மட்டும் மிக நேர்த்தியாக நட்டேன்.

ஜோசெட் வருவதற்கு நான்கு நாள் இருந்தபோது, செவ்வாய்க்கிழமை வெண்டல் வண்டி வரவில்லை. புதன்கிழமையும் இல்லை. வியாழன் எட்டரை மணிக்கு டெல்ஃபின் என் கோட்டைக் கொண்டுவந்து மடியில் போட்டாள்.

"போய்ப் பாரு."

"தபாலுக்குப் போகப் பிடிக்காம இருந்திருக்கும்."

"ஆரின்" என்றாள். அவள் என்னைக் கிழவா என்று கூப்பிடாமல் பெயரைச் சொன்னால் நான் வாதாடுவதில்லை.

அரை மைல் ஏற்றம். ஊன்றுகோலோடு நாற்பது நிமிடம் ஆனது. வளைவில் திரும்பியதும் முதலில் என் கண்ணில் பட்டது அவனுடைய புகைபோக்கி. புகை இல்லை. அடுத்தது, குளிருக்கென்று வெளியே மாட்டும் இரண்டாவது கண்ணாடிச் சன்னல்கள், ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவரில் சாய்ந்தபடியே இருந்தன. கடைசியாக அவனுடைய விறகுக் கொட்டகை. அதற்குள் பின்சுவர் வரை தெரிந்தது. போன வருஷத்து மரப்பட்டையும் ஒரு மண்வெட்டியும் கிடந்தன, அவ்வளவுதான்.

வசந்த காலத்தில் விறகுக்குச் சொல்லிவைப்பது அந்த வீட்டில் ஹேஸலின் வேலை. மார்ச்சில் அவள் போய்விட்டாள். யாரும் சொல்லிவைக்கவில்லை.

வெண்டல் சமையலறை மேசையில் கோட்டும் தொப்பியும் போட்டபடி உட்கார்ந்திருந்தான். எதிரில் காப்பி. அதன் மேல் ஆடை படிந்திருந்தது. வண்டிச் சாவி மேசை மேல் இருந்தது. கிளம்பத் தயாராக வந்து உட்கார்ந்தவன், கிளம்பாமலே இருந்துவிட்டான் போல.

எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைக் கேட்டேன்.

"ஆச்சாய்யா?"

"ஆச்சு" என்றான் மேசையைப் பார்த்துக்கொண்டே. "எல்லாம் ஆச்சு."

வெறும் கொட்டகை சன்னல் வழியாக எங்கள் இருவருக்கும் தெரிந்துகொண்டிருந்தது. ஒரு மாதமாக என் வாசலில் வண்டியை நிறுத்தி இவன் எப்படி உட்கார்ந்திருந்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. கண்ணெதிரே மலை, எதிராளியின் வாயில் ஆச்சு, தன் கைக்கு வேலை எதுவும் இல்லை. அவன் விறகைப் பற்றிக் கேட்கத்தான் நின்றானா, அல்லது அந்த வெறும் வீட்டைவிட்டு எங்காவது போய் ஏதாவது தூக்க வேண்டும் என்று நின்றானா?

அவனுக்கு நான் ஒரு துண்டு விறகுகூடத் தூக்கிக் கொடுக்க முடியாது. ஹேஸலையும் கொண்டுவர முடியாது. என்னிடம் கொடுப்பதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் என் பெருமையைக் கொடுத்தேன்.

"எனக்கு ஆகலய்யா" என்றேன். "ஒண்ணுமே ஆகல. சனிக்கிழமை ஜோசெட் வந்து எங்களைக் கூட்டிட்டுப் போயிடுவா."

போயிட்டிருக்கு என்பதைவிட மோசமான வார்த்தை இது. ஒத்திகையே பார்க்காதது. எங்கள் மலையில் இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வெண்டல் நிமிர்ந்து பார்த்தான். "தெரியும்" என்றான். "தினமும்தான் பாக்கறேனே."

"அப்புறம் ஏன்யா வரல?"

"நீ ஆச்சுன்னியே."

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவன் கையுறையோடு எங்கள் வாசலில் நின்றான். எழுபத்து நான்கு வயது. ஒரு கையில் இரண்டு, மறு கையில் இரண்டு. நிற்காமல் வேலை செய்தான். நான் நாற்காலியைக் கொட்டகை வாசலுக்கு மாற்றிக்கொண்டு மேற்பார்வை பார்த்தேன். மேயர் என் பக்கத்தில் உட்கார்ந்தது. இரண்டு பேருக்கும் ஒரே உத்தியோகம்.

"பட்டை கீழ வர்ற மாதிரி வைய்யா" என்றேன்.

"பட்டை மேலதான் இருக்கணும். மழை வழிஞ்சு போகும்."

"கொட்டகைக்குள்ள எங்கய்யா மழை?"

"நாற்பது வருஷமா கீழ வச்சியா?" என்று நின்றுவிட்டான். "அதான் உன் வீட்ல எப்பவும் புகை நாத்தம்!"

டெல்ஃபின் சன்னலுக்குள் சிரித்தாள். மார்ச் மாதத்துக்குப் பிறகு வெண்டல் ஒரு ஆளைக் கேலி செய்ததை நான் கேட்டது அன்றைக்குத்தான். மத்தியானம் சூப் குடித்தான், இரண்டு கிண்ணம். பொழுது சாய்ந்தபோது மலையில் நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒரே நாள். ஒரே ஆள். மிச்சம் மூன்று பங்கு.

சனிக்கிழமை காலையில் பனி விழ ஆரம்பித்தது. பெரிதாக இல்லை. விறகின் மேல் உட்கார்ந்து, யோசித்து, உருகுகிற பனி. பத்து மணிக்கு ஜோசெட்டின் கார் வந்தது. பின்சீட்டில் மடித்த அட்டைப்பெட்டிகள் தெரிந்தன. இறங்கியவள் மலையைப் பார்த்தாள். கையில் விறகோடு நின்ற வெண்டலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஆச்சாப்பா?"

அவள் இந்த மலையில் பிறந்து வளர்ந்தவள். ஒருவன் ஆச்சு என்று சொன்ன பிறகு, அது கண்ணெதிரே பொய்யாக இருந்தாலும், அவளாலும் மறுத்துப் பேச முடியாது. பெட்டிகளை மடித்தபடியே திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஒரு வார்த்தை. நாற்பத்து நான்கு வருஷம் வாயில் பழகிய வார்த்தை, தானாக நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அதைச் சொன்னால் வீடு எனக்கு.

வெண்டல் விறகைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான். கோட்டோடு மேசையில் உட்கார்ந்திருந்த அவன் முகம் எனக்கு ஞாபகம் வந்தது.

"போயிட்டிருக்கு" என்றேன்.

ஜோசெட் தலையை ஆட்டினாள். காரின் பின்பக்கத்தைத் திறந்து கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டாள். மறுநாள் வரை காத்திருக்க வேண்டும் என்ற ஒன்றைத் தவிர மற்றபடி வழக்கத்தை அப்படியே செய்தாள். இரண்டு பேரும் அன்று முழுவதும், ஞாயிறு முழுவதும் அடுக்கினார்கள். ஜோசெட் பட்டையைக் கீழே வைத்தாள். வெண்டல் அவள் பார்க்காதபோது திருப்பி வைத்தான். ஞாயிறு மாலை மூன்று மணிக்கு முற்றத்தில் மரத்தூளும் பனியும்தான் இருந்தன. கொட்டகை கூரை வரை நிறைந்திருந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். காப்பிக்குத் தண்ணீர்கூட வைத்தேன்.

ஜோசெட் சமையலறையில் உட்கார்ந்து கையுறைகளை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள்.

"அப்பா, கொட்டகை நிறைஞ்சிடுச்சு" என்றாள். "அங்கேருந்து அடுப்புக்கு யாரு தூக்கிட்டு வருவாங்க? ஒரு நாளைக்கு இருபது துண்டு. பனில. ஏப்ரல் வரைக்கும்."

நான் டெல்ஃபினைப் பார்த்தேன். அவள் தூளியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் பாட்டில் மேசை மேல் இருந்தது. ஒரு மாதத்துக்கு மேலாக விறகு மலையைப் பார்த்துக்கொண்டே இருந்த எனக்கு, அதை எரிக்க வேண்டும் என்பது தோன்றவே இல்லை. பேருந்தைப் பளபளவென்று துடைத்துவிட்டு, ஓட்டுநரை மறந்துவிட்டேன்.

"முன்னாடியே நான் அதை யோசிச்சிருக்கணும்" என்றாள் ஜோசெட். "விறகை அடுக்கினாப் போதும்னு நானும் நெனச்சிட்டேன்."

கெட்டில் கத்தியது. அதை டெல்ஃபின் இடது கையால் எடுத்து வைத்தாள். எடுத்து வைத்துவிட்டு வெண்டலின் பக்கம் திரும்பினாள்.

"நீ இங்க வந்து இரு."

"நானா?"

"இந்த அடுப்பு அணையாம பாத்துக்கோ. குழாய் உறையக் கூடாது. அந்தப் பூனைக்குச் சோறு போடு. விறகு உன் கையால அடுக்கினதுதானே, நீயே எரிச்சுத் தீர்த்துடு."

"எனக்கு வீடு இருக்கும்மா. அங்க எல்லாம் ஆச்..." அவன் நிறுத்தினான். டெல்ஃபின் கெட்டிலின் பக்கத்திலேயே நின்று காத்திருந்தாள். வெண்டல் தொப்பியைக் கழற்றி, உள்ளே ஏதோ எழுதியிருப்பது போல அதைப் பார்த்தான்.

"போயிட்டிருக்கு" என்றான் மெதுவாக.

"போதும். காப்பி குடி" என்றாள் டெல்ஃபின்.

இப்படியாக நாங்கள் பர்லிங்டனுக்கு வந்தோம். இரண்டாவது மாடி, தரை முழுக்கக் கம்பளம். குளிர்காலத்துக்குத் தயாராக இங்கே செய்ய வேண்டியது, சுவரில் இருக்கும், வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற ஒரு சின்னப் பெட்டியைத் திருகுவது. முதல் நாளே திருகிவிட்டேன். பால் பாட்டிலைவிட லேசு. அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. சன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம். அதன் ஓரத்தில் ஒரே ஒரு மேப்பிள், வேலிக்குள் நிற்கிறது. டெல்ஃபினுக்குத் தோள் தேறிவருகிறது. மத்தியானங்களில் ஜோசெட்டின் சமையலறையில் வலது கையால் எதையாவது கிளறிப் பார்க்கிறாள். நான் வேளா வேளைக்குச் சாப்பிடுகிறேன். எல்லோரும் என்னிடம் மிகுந்த அன்பாக இருக்கிறார்கள். அதைப் பற்றி நான் புகார் சொல்ல முடியாது, அதுதான் கஷ்டம்.

வெண்டல் தினமும் காலை எட்டு மணிக்கு ஃபோன் செய்வான். தபால் நிலையத்துக்குப் போவதை நிறுத்திவிட்டான். அடுப்பு எரிகிறது, குழாய் ஓடுகிறது, மேயருக்கு எடை கூடியிருக்கிறது என்று சொல்வான். இவ்வளவு தாழ்வான கதவுகளோடு ஒரு மனிதன் எப்படி நாற்பத்து நான்கு வருஷம் மண்டை உடையாமல் வாழ்ந்தான் என்று கேட்பான். கடைசியில், வைப்பதற்கு முன்னால், "உனக்கு அங்க எல்லாம் ஆச்சா?" என்பான்.

"ஆச்சுய்யா" என்பேன்.

ஜனவரி மூன்றாவது வாரம். முந்தைய நாள் ஜோசெட் பேச்சுவாக்கில், வசந்த காலத்துக்குப் பிறகும் நீங்கள் இங்கேயே இருந்தால் என்ன என்று கேட்டிருந்தாள். அன்பாகத்தான் கேட்டாள். டெல்ஃபின் தட்டுகளைக் கழுவப் போனாள், நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். டாக்டர் என் முதுகை மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, பால் பாட்டில் கணக்கு இனி எப்போதுமே அதுதான் என்று அந்த வாரம்தான் சொல்லியிருந்தார். எட்டு மணிக்கு மணி அடித்தது. வெண்டல் அடுப்பைச் சொன்னான், குழாயைச் சொன்னான், பூனையைச் சொன்னான்.

"உனக்கு எல்லாம் ஆச்சா?"

சன்னலுக்கு வெளியே ஒரு இயந்திரம் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தது. கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் குச்சி நடுகிற வேலையைக்கூட யாரோ செய்துவிட்டிருந்தார்கள்.

"போயிட்டிருக்கு" என்றேன்.

மறுமுனையில் ஒரு சத்தமும் இல்லை. தலையை ஆட்டியிருப்பான். வைத்துவிட்டான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கதவு மணி அடித்தது. திறந்தால் வெண்டல். எழுபது மைல் பனியில் ஓட்டி வந்திருக்கிறான். காதெல்லாம் சிவந்திருந்தது. கோட்டிலிருந்து எங்கள் அடுப்பின் புகை வாசனை வந்தது. காலணியைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு அந்தக் கம்பளத்தின் நடுவில் வந்து நின்றான். இரண்டு கையிலும் கையுறை.

சோபாவைப் பார்த்தான். தொலைக்காட்சியைப் பார்த்தான். சுவரில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்தான். எல்லாம் இருந்த இடத்தில் சரியாக இருந்தன.

"எதைய்யா தூக்கணும்?" என்றான்.

நானும் அறையைச் சுற்றிப் பார்த்தேன்.

"தெரியலைய்யா" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். டெல்ஃபின் காப்பிக்குத் தண்ணீர் வைக்கும் சத்தம் கேட்டது. வெண்டல் கையுறையைக் கழற்றாமலே என் பக்கத்தில் உட்கார்ந்தான்.